சுவரில் பாதியைப் பிள்ளைகளுக்கு விட்டுவையுங்கள்

புதிதாக இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்த ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: ஈராசிரியர் பள்ளி, ஒன்று இரண்டு மூன்றாம் வகுப்புகள் மூன்றும் ஒரே அறையில், மொத்தம் 24 பிள்ளைகள், ஜூனில் பள்ளி திறக்க இன்னும் 10 நாள்தான் இருக்கிறது, கையில் 3,000 ரூபாய் இருக்கிறது, அறையை எப்படி அலங்கரிப்பது, என்னென்ன சார்ட் வாங்குவது, மூன்று வகுப்புக்கும் இடத்தை எப்படிப் பிரிப்பது என்று. 26 வருடமாக ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இதே வகுப்புகளை வைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இன்றைக்கே கடைக்குப் போகாதீர்கள் டீச்சர். 10 நாளில் முதல் நான்கு நாள் அலங்காரத்துக்கு இல்லை. ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்த அறை அது. ஒட்டடை, குளவிக் கூடு, அலமாரிக்குப் பின்னால் பூரான், போன வருடத்து சார்ட்டுக்குப் பின்னால் கரையான் என்று எல்லாம் இருக்கும். அலமாரியை நகர்த்தாமல் கூட்டிவிட்டுப் போனால் அத்தனையும் அப்படியே இருக்கும், தரையில் உட்காரப் போவது ஆறு வயதுப் பிள்ளை. அதனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க சன்னலைத் திறந்து காயவிடுங்கள். சுவிட்ச் போர்டு ஆடுகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா, பிளக் பாயிண்ட் பிள்ளைகள் விரல் போகிற உயரத்தில் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீசியன் வேலையைத் தலைமையாசிரியரிடம் சொல்லி இப்போதே முடித்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள் இரண்டு பேரிடம் சொன்னால் போதும், ஒரு காலைப் பொழுதில் அறை பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் அவர்கள்தான் வருகிறார்கள்.

கழுவிக் காய்ந்த அறையில், யாரும் இல்லாத நேரத்தில், நீங்கள் போய்த் தரையில் உட்காருங்கள். பிள்ளைகள் உட்காரப் போகிற ஐந்தாறு இடத்திலும் மாறி மாறி உட்காருங்கள், காலையில் ஒரு முறை, மதியம் 2 மணிக்கு ஒரு முறை. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத அறை அப்போதுதான் தெரியும். கரும்பலகையில் வெயில் பட்டுப் பளபளத்துப் பாதி எழுத்து தெரியாமல் போகிற இடம் ஒன்று இருக்கும். ஃபேன் காற்றே வராத மூலை ஒன்று இருக்கும். ஒரு ஓரத்தில் வெயில் நேராக முதுகில் அடிக்கும். நம் ஊரில் ஜூன் மாதம் இன்னும் கோடைதான். 2023-லும் 2024-லும் வெயிலுக்காகவே பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள், 2023-ல் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஜூன் 14 வரை போனது. ஆகவே எந்தச் சுவரில் என்ன ஒட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், யாரை எங்கே உட்கார வைத்தால் வேர்க்காமல், கண் கூசாமல் இருப்பார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். சன்னலை சார்ட் வைத்து மறைக்கவே மறைக்காதீர்கள். பல பள்ளிகளில் இதைப் பார்த்திருக்கிறேன், காற்று வருகிற ஒரே சன்னலில் காய்கறிப் படம் தொங்கும்.

தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில்தான் இருக்கிறது, எழுந்து நின்றால் மூன்று அடிக்குக் கொஞ்சம் மேலே. நாமோ நாற்காலி போட்டு ஏறி ஏழடி உயரத்தில் சார்ட்டை மாட்டுகிறோம். அது ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அதனால் ஒரு சாக்பீஸ் எடுத்துச் சுவரில் இரண்டு அடியில் ஒரு கோடு, நான்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தினமும் பார்த்து, தொட்டு, படிக்க வேண்டிய எதுவும் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

கரும்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கரியையும் ஊமத்தை இலையையும் சேர்த்து அரைத்துப் பிள்ளைகளே பூசினார்கள், இப்போது கரும்பலகை பெயிண்ட் டப்பாவில் கிடைக்கிறது. இரண்டு கோட்டிங் அடியுங்கள், முதல் கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தால் அதற்கும் அடியுங்கள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதுவதற்காக அறையைச் சுற்றிலும் போட்டது அது. பல பள்ளிகளில் வெள்ளையடிக்கும்போது மேலேயே சுண்ணாம்பைப் பூசி மறைத்துவிட்டார்கள். உங்கள் அறையில் சுவரின் கீழ்ப்பகுதி கொஞ்சம் வழவழப்பாக இருந்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி அகலம் கொடுத்து, வெள்ளை பெயிண்டில் கட்டம் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதிவிட்டால் போதும். இந்த ஒரு வேலைக்கு ஆகிற செலவு 3,000 ரூபாயில் மிகப் பயனுள்ள செலவு என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், முதல் மாதச் சம்பள பாக்கி மொத்தமாக வந்த சந்தோஷத்தில், அறையை அப்படி அலங்கரித்தேன். தெர்மாகோலில் ரயில், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்து, சுவர் முழுக்கப் பழம், பறவை, விலங்கு, தேசத் தலைவர்கள், மேலே குறுக்கும் நெடுக்கும் கலர் பேப்பர் தோரணம், ஃபேனுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பன்னிரண்டு பட்டாம்பூச்சி. பெற்றோர் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் கவனித்தேன், முன்வரிசையில் ஒரு பையன், நான் பாட்டுச் சொல்லும்போதும் எழுத்துச் சொல்லும்போதும் தலையை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஃபேன் காற்றில் பட்டாம்பூச்சி சுற்றுகிறது, கண்ணும் கூடவே சுற்றுகிறது. அவன் ஒருவன் இல்லை, அப்படி ஐந்து பேர். மறுநாள் பட்டாம்பூச்சியைக் கழற்றினேன், ஒரு மாதத்தில் பாதிச் சுவரைக் காலி செய்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2014-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 24 மழலை வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அதே பிள்ளைகளுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறைய அலங்கரித்த அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் அறையிலும் நடத்தினார்கள். அலங்கரித்த அறையில் பாட நேரத்தில் கிட்டத்தட்ட 39 சதவீதம் கவனம் வேறு எங்கோ போயிருந்தது, வெறும் அறையில் 28 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளில் அலங்கரித்த அறையில் 42 சதவீதம் சரி, வெறும் அறையில் 55 சதவீதம் சரி. சின்னச் சோதனைதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையோடு தினமும் இருக்கிற யாருக்கும் அது உண்மை என்று தெரியும். அதற்காகச் சுவரை மொட்டையாக விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2015-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 27 பள்ளிகளில் 153 தொடக்க வகுப்பறைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது நமக்கு உதவும்: சுவரில் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக இருக்கட்டும், அறை பிள்ளைகளுக்குத் தங்களுடையது என்று தோன்ற வேண்டும், அவர்கள் செய்தது அதில் இருக்க வேண்டும். மொட்டைச் சுவரும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

நான் செய்வது இதுதான். கரும்பலகை இருக்கிற சுவரில் ஒன்றுமே ஒட்டுவதில்லை. தேதி, கிழமை, இன்றைய சொல், அவ்வளவுதான், அதுவும் பலகையிலேயே ஓரமாக. பிள்ளைகள் பாடம் கேட்கும்போது பார்க்கிற சுவர் அது, அங்கே என்னோடு போட்டி போட ஒரு முயல் படம் வேண்டாம். இரண்டு பக்கச் சுவர்களில் ஒன்று எழுத்துக்கும் எண்ணுக்கும். இன்னொன்று முழுக்கப் பிள்ளைகளுக்கு, ஜூன் முதல் நாள் அது காலியாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள், ஏன் டீச்சர் இந்தப் பக்கம் முடிக்கவில்லையா என்று. ஆகஸ்டில் வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். பின்சுவரில் புத்தகமும் பொருள்களும்.

எழுத்துச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். 247 எழுத்தும் அச்சடித்த பெரிய சார்ட்டைப் பள்ளி திறக்கும் நாளிலேயே மாட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். எழுத்து அறிமுகமாக அறிமுகமாகச் சுவருக்கு வர வேண்டும். நான் ட, ப, ம என்று ஆரம்பிப்பேன், மூன்று எழுத்து தெரிந்ததும் படம், மடம் என்று சொல்லே வந்துவிடும். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தை அன்று சாயங்காலம் ஒரு பிள்ளையே கொண்டுபோய்க் கிளிப்பில் மாட்டும். மாட்டிய எழுத்து அந்தப் பிள்ளைக்குச் சொந்தம் மாதிரி, யார் கேட்டாலும் "இது நான் மாட்டினது" என்று சொல்லும். தீபாவளிக்குள் சுவர் நிறைந்துவிடும், அத்தனையும் அவர்களுக்குத் தெரிந்த எழுத்து.

கடைச் சார்ட் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு வருடம் ஏணி படம் போட்டு "ஏனி" என்று அச்சடித்திருந்த சார்ட்டை அவசரத்தில் பார்க்காமல் வாங்கி மாட்டிவிட்டேன். அரையாண்டுத் தேர்வில் பதினோரு பிள்ளைகள் ஏனி என்று எழுதினார்கள். மூன்று சுழி ணகரம் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆனால் ஆறு மாதம் தினமும் கண் பார்த்தது சுவரை. அதற்குப் பிறகு நான் கையாலேயே எழுதிவிடுகிறேன். நம் கையெழுத்து அச்சு மாதிரி இருக்காது, பரவாயில்லை, சுழி சரியாக இருந்தால் போதும். ல, ள, ழ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டாதீர்கள், அதே மாதிரி ந, ன, ண. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது, கொஞ்சம் தள்ளி. அப்புறம் படம் நம் பிள்ளைக்குத் தெரிந்த படமாக இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு ஓநாயைத் தெரியாது, ஓணானைத் தெரியும்.

எண்ணுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. தினசரிக் காலண்டர் தாள். வீட்டுக்கு வீடு கிழித்துப் போடுகிற தாளில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை பெரிய எழுத்தில் எண் இருக்கிறது. ஏப்ரலில் இருந்தே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் ஜூனில் கட்டுக்கட்டாக வந்து சேரும். நீங்கள் புதிது என்பதால் பக்கத்து டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேளுங்கள், கொடுப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கேட்டு வாங்குங்கள். அந்த அட்டை கெட்டி, ஒரு பக்கம் காலி, பாதியாக வெட்டினால் மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) தயார். காலண்டர் எண்ணை அதில் ஒட்டி, பின்பக்கம் அத்தனை புள்ளி வைத்துவிட்டால், தனியாக எண் அட்டை வாங்கவே வேண்டாம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல், பாட்டில் மூடி, பத்துப் பத்தாகக் கட்டிய தென்னங்குச்சி. பத்துக் கட்டு ஒன்றும் தனிக்குச்சி மூன்றும் எடுத்துக்கொடு என்றால் பதின்மூன்று பிள்ளையின் கையில் இருக்கிறது, சுவரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிளக்ஸ் பேனர்களையும் விடாதீர்கள். ஊரில் காதுகுத்து, கோயில் திருவிழா முடிந்ததும் யாராவது கழற்றிச் சுருட்டி வைத்திருப்பார்கள். திருப்பிப் போட்டால் பின்பக்கம் வெள்ளை. அதில் மார்க்கரால் பரமபதக் கட்டம், தாவிக் குதிக்கிற எண்கோடு, பெரிய தமிழ்நாட்டு வரைபடம் என்று வரைந்து சுருட்டி வைத்துக்கொண்டால், வேண்டும்போது விரிக்கலாம், விளையாடி முடித்ததும் சுருட்டலாம். எப்போதும் கண் முன்னால் இருக்கிற சுவர்ப்படத்தைவிட, சுருட்டி வைத்து எடுக்கிற பொருளுக்குப் பிள்ளைகளிடம் மதிப்பு அதிகம்.

தரை நம் பெரிய சொத்து. டெல்லியில் வின்யாஸ் என்ற அமைப்பை நடத்துகிற கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி, பள்ளிக் கட்டடத்தையே கற்றல் கருவியாக மாற்றுவதைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தவர். கதவு திறந்து மூடுகிற இடத்தில் தரையில் கோணம் வரைவது, சன்னல் கம்பியில் எழுத்தின் வளைவுகளை வைப்பது, தூணில் உயர அளவு போடுவது எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். கோணம் உங்கள் வகுப்புக்கு வேண்டாம், அது நான்கு, ஐந்துக்கு. வாசல் தூணில் அல்லது கதவு நிலைப்பக்கச் சுவரில் சென்டிமீட்டர் கோடு போடுங்கள், ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை ஒவ்வொருவர் உயரத்தையும் குறியுங்கள். வராண்டாவில் 0 முதல் 20 வரை எனாமல் பெயிண்டில் எண்கோடு போட்டுவிட்டால் கூட்டலும் கழித்தலும் காலால் நடக்கும். இடம் இருந்தால் ஒரு புள்ளிக் கோலத்துக்கு 7 புள்ளி வரிசையை நிரந்தரமாக வைத்துவிடுங்கள், கோடு மட்டும் பிள்ளைகள் சாக்பீஸில் போடட்டும். பையன்களும் போடுவார்கள், எங்கள் பள்ளியில் நெளிவுக் கோலத்தில் கெட்டிக்காரன் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன்.

காலியாக விடச் சொன்ன சுவருக்கு என்ன ஏற்பாடு? இரண்டு நைலான் கயிறு, ஒன்று இரண்டரை அடியில், ஒன்று மூன்றரை அடியில், இழுத்துக் கட்டுங்கள். 50 துணிக் கிளிப். அவ்வளவுதான். செல்லோ டேப் வேண்டாம், உரிக்கும்போது பெயிண்டோடு வரும். மைதாப் பசை வேண்டாம், கரப்பானும் கரையானும் வரும். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் வேண்டவே வேண்டாம், வெறுங்காலோடு நடக்கிற, தரையில் உட்காருகிற பிள்ளைகள் இவர்கள். கயிறும் கிளிப்பும் இருந்தால் பிள்ளையே மாட்டும், பிள்ளையே கழற்றும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் அறையின் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிட்டோம். அந்த முறையின் ஏணிப்படியும் அட்டைகளும் போய்விட்டன, அதன் மேல் இருந்த குறைகளும் எனக்குத் தெரியும், ஆனால் பந்தல் நல்ல யோசனை. தலைக்கு மேல் இருந்ததை நான் கண்ணுக்கு நேராக இறக்கிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கட்டாய விதி: 24 பிள்ளைகள் என்றால் 24 பேருடையதும் தொங்க வேண்டும். நன்றாக வரைந்த ஐந்து பேருடையதை மட்டும் மாட்டினால், மற்ற 19 பேருக்கும் அந்தச் சுவர் தினமும் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பெயர். இதை மட்டும் பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் கெட்டி அட்டையில் இரண்டு அங்குல உயரத்தில் எழுதுங்கள், இனிஷியலும் தமிழிலேயே, அரசாணையும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று அட்டை: ஒன்று கீழ்க் கரும்பலகைக்கு மேலே, ஒன்று பை மாட்டுகிற ஆணிக்கு மேலே, ஒன்று வருகைப் பலகைக்கு. வருகைப் பலகை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு அட்டையில் வீடு படம், பள்ளிக்கூடப் படம், கீழே கிளிப். காலையில் வந்ததும் தன் பெயரை எடுத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு மாற்ற வேண்டும். ஒரு மாதத்தில் தன் பெயரைப் படித்துவிடும், இரண்டாவது மாதத்தில் வராத பிள்ளையின் பெயரையும் படித்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கும். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண், திறந்த இரண்டாவது நாள் சாயங்காலம் கூட்டிப்போக வந்த பாட்டியின் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, ஆணிக்கு மேலே இருந்த அட்டையில் விரலை வைத்து, "ஆயா, இது நான்" என்று காட்டினாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவரும் அந்த அட்டையைத் தடவிப் பார்த்தார்.

மூன்று வகுப்பு ஒரே அறையில் என்பதால் இடத்தைப் பிரிப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பயிற்சியில் உங்களுக்கே சொல்லியிருப்பார்கள், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறோம், வகுப்பைப் பார்த்து இல்லை. அதனால் ஒன்றாம் வகுப்பு வரிசை, இரண்டாம் வகுப்பு வரிசை என்று நிரந்தரமாகப் போடாதீர்கள். மூன்று பாய், மூன்று நிறம், போதும். நிறத்தைச் சொன்னால் பிள்ளை போய் உட்காரும், நிலை மாறும்போது பாய் மாறும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுவரில் அரும்பு, மொட்டு, மலர் என்று போட்டு அதன் கீழ்ப் பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அது நம் குறிப்பேட்டில் இருந்தால் போதும். கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று களங்கள், அதாவது ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தனி இடம், கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை ஒதுக்க நம் அறையில் மூலை கிடையாது. ஒரு அட்டைப்பெட்டி ஒரு களம். பொம்மைப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தால் அப்போது அது பொம்மலாட்டக் களம்.

புத்தகத்துக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு இடம் வேண்டும். அலமாரிக்குள் பூட்டிய புத்தகம் இருந்தும் பயனில்லை. பின்சுவரில் இரண்டு அடியில் ஒரு கயிறு கட்டிப் புத்தகங்களை நடுப்பக்கத்தில் மடித்துத் தொங்கவிடுங்கள், முகப்பு தெரியும்படி. ஒரே நேரத்தில் 12 போதும், வாரம் ஒரு முறை மாற்றுங்கள். கிழியும், கிழியட்டும், ஒட்டுவதற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ ஜோடி ஜோடியாகப் பாதம் வரையுங்கள். சொல்லாமலே வரிசையாக விடுவார்கள். வாழை மரம், மாவிலைத் தோரணம் கட்டலாம், நல்லதுதான், ஊர்க்காரர்களுக்கும் சந்தோஷம். பலூன் கட்டாதீர்கள், முதல் நாள் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒன்று வெடித்தால் அந்த அழுகை ஒரு வாரம் நிற்காது. திறக்கிற அன்றே பாடப்புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் வந்துவிடும், அதை அடுக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒழுங்கு செய்த மூலையெல்லாம் ஒரே நாளில் மூடிப்போகும். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருகிற வழியில் துடைக்க ஒரு துண்டு தொங்கட்டும். ஈரக் கையோடு வந்து முதலில் தொடுவது உங்கள் பெயர் அட்டையைத்தான். அதனால் அட்டைகளுக்கு மேலே அகல டேப் ஒட்டிவிடுங்கள், வருடம் முழுக்க வரும்.

கணக்குச் சொல்கிறேன், எங்கள் ஊர்க் கடை விலையில். கரும்பலகை பெயிண்டும் பிரஷ்ஷும் 500, தரைக்கும் கட்டத்துக்கும் சின்ன டப்பா எனாமல் இரண்டு 300, மூன்று பாய் 750, கயிறு, கிளிப், ஆணி 200, கெட்டி அட்டை, சார்ட், மார்க்கர், அகல டேப் 450. மொத்தம் 2,200. தெர்மாகோல், ஜிகினா, கலர் பேப்பர் எதுவும் இதில் இல்லை, வேண்டாம்.

மீதி 800 ரூபாயை ஜூனில் தொடாதீர்கள். ஜூலை வாக்கில் பிள்ளைகள் ஏதாவது கேட்க ஆரம்பிப்பார்கள், அறைக்கு என்ன குறைகிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் முதல் மழை பெய்த மறுநாள் வராண்டா முழுக்க மரவட்டை. அதற்கு எத்தனை கால் என்று சண்டை, எண்ணவும் முடியவில்லை. மூன்று பூதக்கண்ணாடி வாங்கினேன், 240 ரூபாய். அன்றைக்கு எல்லாரும் வரைந்த மரவட்டை கயிற்றில் 19 தொங்கியது, ஒவ்வொன்றுக்கும் கால் எண்ணிக்கை வேறு வேறு. ஒரு பிள்ளை மட்டும் தாள் பத்தாமல் கீழே இன்னொரு தாளை ஒட்டி வரைந்திருந்தது. அது தரை வரைக்கும் தொங்கியது, தீபாவளி விடுமுறை வரை நான் அதைக் கழற்றவில்லை.